டிரா ஆட்டத்துக்கு ஏன் ஒரே வரி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செஸ் போட்டி நடக்கும் நாட்களில் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். யாராவது ஜெயித்தால் அரைப் பக்கம் வருகிறது, டிரா ஆனால் ஒரே வரி. என்ன ஓப்பனிங் (ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல் வரிசை) ஆடினார்கள், எத்தனையாவது நகர்த்தலில் டிராவுக்குக் கை கொடுத்தார்கள் என்றுகூடப் போடுவதில்லை. ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

2000-ல் லண்டனில் காஸ்பரோவும் கிராம்னிக்கும் மோதிய உலக சாம்பியன் போட்டியில் மொத்தம் 15 ஆட்டம், அதில் 13 டிரா. கிராம்னிக் ஜெயித்தது இரண்டுதான், ஆனால் காஸ்பரோவின் பட்டம் பறிபோனதில் அந்த டிராக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன். வெள்ளைக் காய்களுடன் காஸ்பரோவ் ரூய் லோபஸ் என்ற ஓப்பனிங்கை ஆடியபோது, கிராம்னிக் நான்கு முறை அதற்குக் கருப்பின் தற்காப்பான பெர்லின் டிஃபென்ஸைக் கொண்டுவந்தார், நான்கும் டிரா.

அந்த ஓப்பனிங்கைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டுப் போகும். வெள்ளை ராணியைக் கருப்பு ராஜாவே வெட்டியாக வேண்டும் என்பதால் கருப்புக்கு இனி கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) கிடையாது, போதாததற்கு இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் நிற்கும். கருப்பு தோற்கப்போகிறது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் ராஜாவை விரட்ட ராணி இல்லை, கருப்பிடம் பிஷப் இரண்டும் இருக்கின்றன, வெள்ளையிடம் ஒன்றுதான். தாக்கி ஆடுவதில் பேர்போன காஸ்பரோவுக்கு அங்கே தாக்க எதுவும் கிடைக்கவில்லை.

சரி, எல்லா டிராவும் இப்படியா என்றால் இல்லை. அதே பெர்லினில் ராணிகளை வெட்டாத வேறொரு வழியில் போய், ராணியை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரே நிலை மூன்று முறை வந்ததும் டிரா என்று எழுந்து போகிறவர்களும் உண்டு, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் 2018 உலக சாம்பியன் போட்டியில் கார்ல்சன் - கருவானா முதல் ஆட்டம் 115 நகர்த்தல் போனது. கருப்புக் காய்களுடன் கார்ல்சன் ஜெயிக்கிற நிலைக்கே வந்துவிட்டார், கருவானா மணிக்கணக்காகத் தாக்குப்பிடித்துத் தப்பினார். இந்த இரண்டுக்கும் 'டிரா' என்று ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிறவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

ஓப்பனிங் பெயர், நகர்த்தல் எண்ணிக்கை, ஆட்டம் திரும்பிய இடத்துக்கு ஒரு கட்டப்படம், இவ்வளவுதான் கேட்கிறேன். இடம் போதாவிட்டால் படத்தை விட்டுவிட்டு எல்லா நகர்த்தல்களையும் பொடி எழுத்திலாவது போடுங்கள், காய்களை நாங்களே அடுக்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு செஸ் வாசகர்