ஷ-வை ஸ ஆக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பியச் சுற்றுலா நடத்தும் மதிப்பிற்குரிய தமிழ் ஏற்பாட்டாளர்களுக்கும், அவர்களுக்குக் குறிப்பேடு எழுதித் தருவோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக் குறிப்பேட்டின் செக் நாட்டுப் பக்கம் பற்றித்தான் எழுதுகிறோம். எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்பது உங்களுக்கே தெரியும். முன்பும் கேட்டோம், மறுபடியும் கேட்கிறோம்: யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஹொலஷொவிட்ஸெ கிராமம் பற்றிய அந்தப் பத்தியைத் திருத்துங்கள். வரைபடத்தில் அந்த ஊரைக் காட்டும் புள்ளியையும் சேர்த்து.

முதலில் புள்ளி. செக் மொழியில் ஷ என்ற ஒலி வர, ஸ எழுத்தின் தலையில் ஒரு சிறு கொக்கி போடுவார்கள். கொக்கியோடு எழுதினால் ஹொலஷொவிட்ஸெ. அது நாட்டின் தெற்கே, தெற்கு பொஹிமியாவில், செஸ்கே புத்யெயோவிட்ஸெ நகரத்துக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், யான்கொவ் ஊராட்சிக்குள் இருக்கிறது. கொக்கியை விட்டுவிட்டால் ஹொலஸொவிட்ஸெ. அது நாட்டின் வடகிழக்கே, சிலேசியாவில், போலந்து எல்லையை ஒட்டிய ஒபவா மாவட்டத்து ஊர். இரண்டுக்கும் நேர்கோட்டிலேயே 250 கி.மீ.க்கு மேல். உங்கள் புள்ளி இருப்பது இரண்டாவதில். குழுவோடு பேருந்தில் வருகிறவருக்கு இதனால் நட்டமில்லை, ஓட்டுநருக்கு வழி தெரியும். குறிப்பேட்டை நம்பித் தனியாகக் கிளம்புகிறவர் நிலைமை வேறு. ப்ராக்கிலிருந்து தெற்கே போக வேண்டியவர் கிழக்கே ரயில் ஏறுகிறார். போய்ச் சேர்ந்து, குளமும் தேவாலயமும் எங்கே என்று தேடி, விஷயம் புரிவதற்குள் அன்றைய பொழுது போய்விடுகிறது. மறுநாள் விமானம் என்றால் பயணமே போச்சு. ஷ-வுக்கும் ஸ-வுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கிற மொழியில் அச்சடித்த புத்தகத்தில் இந்தத் தவறு நடக்கலாமா?

அடுத்தது, "எழுநூறு ஆண்டுகளாக ஒரே செக் விவசாயக் குடும்பங்கள் மாறாமல் வாழும் பொம்மைக் கிராமம்" என்ற வரி. எழுநூறு என்பது ஊரின் வயதுக்குப் பொருந்தும். 1263-லேயே பெயர் ஏட்டில் இருக்கிறது. 1292-இல் அரசர் இரண்டாம் வாத்ஸ்லாவ் அதை விஷ்ஷீ ப்ரொட் ஊரிலிருந்த சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியர் மடத்துக்கு எழுதிவைத்தார். 1848 வரை மடத்துச் சொத்து. ஆனால் "ஒரே குடும்பங்கள்", "மாறாமல்" என்பவை எங்கிருந்து வந்தன? 1520-க்கும் 1525-க்கும் இடையே கொள்ளைநோய் ஊரையே வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் இரண்டே பேர் என்கிறது ஊர் வரலாறு. இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. மடம் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. 1530-இல் ஏட்டில் ஏறியவை 17 பெயர்கள். அப்படி வந்தவர்களின் வழியில் ஊர் ஜெர்மன் பேசும் ஊரானது. 1895 கணக்கில் ஜெர்மானியர் 157, செக்கர் 19.

நீங்கள் அட்டையில் போட்டிருக்கும் அந்த அழகிய முகப்புகள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், அந்த ஜெர்மன் பேசிய குடியானவர்களின் வீடுகளில் எழுந்தவை. நாஜி ஆக்கிரமிப்பும் போரும் முடிந்த கையோடு அவர்கள் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். பல பண்ணைகள் பாழடைந்து கிடந்தன, 1990-க்குப் பிறகுதான் பழுதுபார்த்துக் குடியேறினார்கள். பழைய முகப்புகள் தப்பியதற்கு, இடித்துப் புதிதாகக் கட்ட அங்கே அப்போது யாருக்கும் பணமோ அக்கறையோ இல்லாததும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. இவ்வளவையும் "மாறாமல்" என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டீர்கள். சுருக்கமாக எழுதுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

கட்டடம் பற்றி ஒரு வரியாவது வேண்டும். ஏறக்குறைய 210 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் உள்ள புல்வெளித் திடல், நடுவே குளம், 1755-இல் கட்டிய நெபொமுக் புனித யோவான் சிற்றாலயம், கொல்லன் பட்டறை. திடலைச் சுற்றி 23 பண்ணை வீடுகள். ஒவ்வொன்றும் திடலைப் பார்த்து இரண்டு முக்கோண முகப்புகளைக் காட்டும். ஒன்று குடியிருப்பு. மற்றது தானியக் களஞ்சியம், அல்லது பண்ணையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்ட பெரியவர்களின் வீடு. இரண்டையும் வளைவு வாயில் வைத்த மதில் இணைக்கும். உள்ளே முற்றம், தொழுவம், கடைசியில் வைக்கோல் கொட்டகை, அதற்குப் பின்னால் நீண்டு ஒடுங்கிய நிலம். இந்த இடைக்கால மனையமைப்பு இன்னும் குலையாமல் இருக்கிறது. 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது முகப்புகளுக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

வளைவு வாயில் என்றதும் இன்னொன்று. "உள்ளே போய்ப் படம் எடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நூறு சொச்சம் பேர் குடியிருக்கும் ஊர் அது. கோலம் அழகாக இருக்கிறதென்று அடுத்தவர் வீட்டு நடைக்குள் நாம் போய் நிற்பதில்லையே. அப்புறம், ஊருக்கு அருகில் இருக்கும் "பழங்காலக் கல்வட்டம்" 2008-இல் நட்டது. பழங்காலம் இவ்வளவு சமீபத்தில் முடிந்தது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

செஸ்கி க்ரும்லோவ் நகரத்துக்குப் போகும் வழியில் இருபது நிமிட நிறுத்தம், கழிப்பறை உட்பட, என்று போட்டிருப்பதைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது. அது உங்கள் தொழில் கணக்கு, விட்டுவிடுகிறோம்.

கோபத்தில் சில சொற்கள் கூடுதலாக விழுந்திருந்தால் பொறுத்தருளுங்கள். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தப் பத்தியைத் திருத்துங்கள். பெயரில் ஷ வரட்டும், புள்ளி தெற்கு பொஹிமியாவுக்கு நகரட்டும், 1520-களும் 1945-க்குப் பிந்தைய வெளியேற்றமும் ஆளுக்கு ஒரு வரியாவது பெறட்டும். அச்சடித்த பிரதிகள் மீதம் இருந்தால் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டினாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்பேட்டை நம்பிப் பயணம் கிளம்பும் வாசகர்கள்