பழுதானது கொம்பியூட்டர் இல்லை, பிள்ளை

அன்பு மகளுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், புதுக் கொம்பியூட்டர் வாங்கவென்று காசு அனுப்பாதே. போனில் இதைச் சொல்ல வெளிக்கிட்டால் நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதும் அந்தக் கொம்பியூட்டரில் இருந்துதான்.

ஐப்பசி பிறந்தால் பின்னேரத்தில் இடி முழங்கும் என்பது கோண்டாவிலில் வளர்ந்த உனக்குத் தெரியும். அன்றைக்கும் மூன்று மணிக்கெல்லாம் வானம் இருட்டிவிட்டது, நான் ஓடிப்போய் கரண்ட் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றினேன். ஆனால் இரண்டை மறந்துபோனேன். ஒன்று கம்பத்திலிருந்து ரவுட்டருக்கு வருகிற ரெலிபோன் வயர், மற்றது ரவுட்டரிலிருந்து கொம்பியூட்டருக்குப் போகிற லான் கேபிள். இரண்டுமே செம்புக் கம்பி. பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்தால் போதும், பிளக் கழற்றியிருந்தாலும் அந்த வழியால் உள்ளே வந்துவிடும். அப்படித்தான் வந்திருக்க வேண்டும். மழை விட்ட பிறகு போட்டுப் பார்த்தால் எல்லாம் வேலை செய்கிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை, திரையின் மூலையில் கேபிள் கழன்றிருக்கிறது என்று சிவப்புக் குறி.

ஓட்டோவில் ஏற்றி டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி பெட்டியைத் திறக்காமலே மதர்போர்ட், அதாவது உள்ளே எல்லாவற்றையும் இணைக்கிற பெரிய பலகை, போய்விட்டது, புதிதுதான் எடுக்க வேண்டும் என்றார். நீயும் அதைக் கேட்டவுடன் சரி வாங்குங்கோ அப்பா என்றாய். எனக்கு மனம் கேட்கவில்லை பிள்ளை. உன் கலியாணப் படங்கள் எல்லாம் திறக்கின்றன, பாட்டுப் போடுகிறது, போகாதது வெளியே மட்டும்தான். அப்படியானதைச் செத்துப்போனது என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் போன் அதே ரவுட்டரின் வைஃபையில் நன்றாக ஓடுகிறது, ஆகவே வெளி லைனும் சரி, ரவுட்டரும் சரி. பிறகு மேசையை இழுத்து, டோர்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தேன். லான் கேபிள் குத்துகிற துவாரத்தின் ஓரத்தில் இரண்டு சின்ன லைட் இருக்கிறது, பச்சையும் மஞ்சளும். கேபிள் குத்தினால் ஒன்றாவது எரிய வேண்டும். இரண்டும் இருட்டு. ஒரு ஓரத்தில் பல்லி முட்டை ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிட்டு, டிக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திக் குத்தினேன். எரியவில்லை. ரவுட்டரில் வேறு துவாரத்தில் மாற்றிப் போட்டும் இல்லை. அப்போது பக்கத்து வீட்டுக் கம்பஸ் பிள்ளை தன் லாப்டொப்பைக் கொண்டுவந்து அதே கேபிளைக் குத்தினாள், உடனே பச்சை மினுங்கியது. கேபிளும் தப்பித்தது. மிச்சம் எங்கள் பெட்டிதான்.

இனித்தான் விஷயம். டிவைஸ் மேனேஜர் என்று விண்டோஸில் பாகங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் போய்ப் பார்த்தால் அந்த லான் துவாரத்தை இயக்குகிற பாகம், அதாவது அடாப்டர், 'சரியாக வேலை செய்கிறது' என்று எழுதியிருக்கிறது! முதலில் நானும் நம்பிவிட்டேன். பிறகுதான் விளங்கியது, அந்த அடாப்டருக்கு இரண்டு முகம். ஒன்று உள்ளே மதர்போர்டோடு கதைப்பது, மற்றது வெளியே கேபிளோடு கதைப்பது. இடி சுட்டது வெளி முகத்தை. உள் முகம் உயிரோடு இருப்பதால் விண்டோஸ் கேட்டால் நான் நலம் என்று அது பதில் சொல்கிறது. 127.0.0.1 என்ற முகவரிக்கு பிங் போட்டால், அதாவது கூப்பிட்டுப் பார்த்தால், பதில் வருகிறதே என்றும் சிலர் சொல்வார்கள், அது கொம்பியூட்டர் தனக்குத்தானே கதைப்பது, அடாப்டர் பக்கமே போகாது. நெட்வேர்க்கில் கொம்பியூட்டருக்குக் கிடைக்கிற முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தால் கேபிளில் உயிர் இருக்கிறது, ரவுட்டர்தான் முகவரி கொடுக்கவில்லை என்று அந்தப் பக்கம் தேடியிருப்பேன். எங்களுடையதில் அதுகூட வரவில்லை.

போனை யூஎஸ்பி வயரால் கொழுவி அதன் இன்டர்நெட்டைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்தேன், உடனே ஓடியது. ஆகவே விண்டோஸிலும் பிழை இல்லை. அதைக்கொண்டே அடாப்டரை விண்டோஸோடு கதைக்க வைக்கிற மென்பொருளான டிரைவரைப் புதிதாக இறக்கிப் போட்டேன், பிளக்கைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன், விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயோஸ் செட்டிங்கில் லான் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒன்றாலும் அந்த லைட் எரியவில்லை.

அடுத்த நாள் சைக்கிளில் போய் யூஎஸ்பியில் குத்துகிற லான் அடாப்டர் ஒன்று வாங்கினேன், 3,000 ரூபாய்க்குள். விரல் நீளம்தான் இருக்கும். முன்பக்கத்து நீலத் துவாரம் வேகமானது, அதில் குத்தினேன். விண்டோஸ் தானாகவே கண்டுபிடித்தது, பச்சை லைட் எரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மாவுக்காகத்தான் நான் இவ்வளவு பாடுபட்டது. கற்றரக்ட் ஒப்பரேசனுக்குப் பிறகும் போனின் சின்னத் திரையில் பேத்தியின் முகம் அவவுக்குத் தெளிவாய்த் தெரிவதில்லை. போன ஞாயிறு போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தள்ளிப் பிடித்து, கடைசியில் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தா.

இனி வானம் இருட்டினால் மூன்று வயரையும் கழற்றுவேன், ரெலிபோன் வயர் முதலில். நீ நினைவுபடுத்தத் தேவையில்லை, சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஞாயிறு இங்கே இரவு 7:30. ரொறன்ரோவில் நேரம் மாற்றிவிட்டார்கள், ஆகவே இப்போது உனக்குக் காலை 9 மணி, பழைய கணக்கில் 10 மணிக்கு எடுத்துவிடாதே. பிள்ளையை ஜன்னலைப் பார்த்தபடி இருத்து. அன்றைக்கு ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்ததில் முகம் முழுக்க இருட்டாக இருந்தது.

அன்புடன்,
அப்பா