தாடையைத் தூக்கச் சொல்லாத படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், எல்லார் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் போட்டோகிராபர்களுக்கு ஒரு சங்கம் எதற்கு, அதில் மாதாமாதம் ஒரு போட்டி எதற்கு என்று எழுதியிருந்தார். படித்ததும் கோபம் வரவில்லை. சங்கத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரிதான், டீயும் பஜ்ஜியும் தின்றுவிட்டுக் கலைந்த கூட்டங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் போட்டி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் சேலம் அம்மாபேட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 22 வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் போட்டோ. எங்கள் சங்கத்தில் உறுப்பினர்களுக்கு மட்டும் மாதம் ஒரு செய்திப் படப் போட்டி நடக்கிறது. ஆளுக்கு இரண்டு படம் தரலாம். அந்த மாதத்தில், நம் மாவட்டத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். யார் படம் என்று சொல்லாமல் நம்பர் மட்டும் போட்டுத் திரையில் காட்டுவார்கள், வெளியூரிலிருந்து வரும் நடுவர் எல்லார் முன்னாலும் வாய்விட்டே விமர்சனம் செய்வார். பரிசு ஒன்றும் பெரிதில்லை, ஒரு முகூர்த்தத்துக்கு ஆல்பம் போடும் காசில் கால்வாசி கூட வராது. படத்துக்குப் புள்ளி உண்டு, வருடக் கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் 1946-ல் தொடங்கிய பத்திரிகைப் புகைப்படக்காரர் சங்கத்தில் இப்படிப் புள்ளி சேர்க்கும் போட்டி ரொம்ப காலமாக உண்டு, எங்கள் செயலாளர் அங்கிருந்துதான் பிடித்தார்.

கல்யாண போட்டோகிராபருக்கு இந்தப் போட்டி ஏன் கஷ்டம் என்றால், எங்கள் தொழிலே வாயால் நடப்பது. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, மாமா இந்தப் பக்கம் வாங்க, மாலையை இன்னொரு தடவை போடுங்க, தாலி கட்டுற கையை அப்படியே வைங்க. ஐயரையே நிறுத்தி வைத்தவன் நான். அந்தப் பழக்கத்தோடுதான் முதல் படத்தை எடுக்கப் போனேன், ஆடி மாதம், எங்கள் ஊர் குகைப் பகுதி மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு. சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டிகளில் வருவார்கள், ராத்திரி முழுக்கத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. முருகன் வேஷம் போட்ட ஒரு பையன் வண்டி ஓரத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். நான் என்ன செய்தேன்? அவனைத் தட்டி எழுப்பி, வேலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பளிச்சென்று எடுத்தேன். நடுவர் பார்த்துவிட்டு, இந்தப் பையன் யாரைப் பார்க்கிறான் என்று கேட்டார். யாரும் பேசவில்லை. போட்டோகிராபரைப் பார்க்கிறான், அடுத்த படம் என்றார். தூங்குகிற முருகனை விட்டுவிட்டு வந்திருக்கிறேனே என்று வீட்டுக்குப் போய்த்தான் உறைத்தது.

உறைத்ததும் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கேமராவைப் பார்க்காமல் நடிக்க வைத்தால் போதும் என்றுதான் புரிந்துகொண்டேன். இரண்டு மாதம் கழித்து, ஆத்தூர் போகும் வழியில் ஒரு சேகோ மில்லின் களத்தில், வெயிலில் ஜவ்வரிசி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், ஒரு கூடை அள்ளி உயரமாகத் தூவுங்கள், என்னைப் பார்க்காதீர்கள் என்றேன். பின்னால் சூரியன், முத்து முத்தாக அந்தரத்தில் ஜவ்வரிசி, படம் அப்படி ஒரு அழகு. முதல் பரிசு.

சங்கத்தில் படத்தோடு விவரக் குறிப்பும் எழுதித் தர வேண்டும், பெயரும் ஊரும் இல்லாமல் கொடுத்திருந்ததால் போய்க் கேட்டு வரச் சொன்னார்கள். பிரிண்ட் ஒன்றும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. ஆனா நாங்க இப்படித் தூவ மாட்டோமே. சிந்துனா மேஸ்திரி திட்டுவாரு. பலகையில இழுத்துத்தான் பரப்புவோம். நீங்க சொன்னீங்களேன்னு செஞ்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். 20 வருடத்துக்கு மேல் அந்தக் களத்தில் வேலை செய்பவர். நான் எடுத்த படத்தில் அவர் செய்கிற வேலையே இல்லை.

பரிசைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சங்கத்தில் சொன்னேன். இனிமேல் பார்த்துக்கொள்ளலாம், விடு என்றார்கள். விட்டிருக்கக் கூடாது என்பது என் கருத்து, இப்போதும். அடுத்த மாதம் புது விதி வந்தது: படத்துக்காக ஏற்பாடு செய்தது, ஆளை நிறுத்தி எடுத்தது எதுவும் சேராது, கேமராவிலிருந்து வந்த ஒரிஜினல் ஃபைல் தர வேண்டும், ஓரத்தை வெட்டி கிராப் செய்யலாம், கருப்பு வெள்ளையாக்கலாம், ஆனால் படத்தில் இருப்பதை எடுப்பதோ இல்லாததைச் சேர்ப்பதோ கூடாது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ.வின் செய்திப் படப் பிரிவு விதி கிட்டத்தட்ட இதேதான், அழகைவிடப் படம் சொல்லும் செய்திக்குத்தான் முதலிடம் என்றும் அதில் இருக்கிறது. 1955-லிருந்து நடக்கும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் 2010-ல் பரிசு வாங்கிய ஒருவர், படத்தின் பின்னணியில் நீட்டிக்கொண்டிருந்த இன்னொருவர் காலை அழித்துவிட்டார் என்று பரிசைப் பறித்தார்கள். ஒரு கால்தானே என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரியும் குப்பைத் தொட்டியை தினமும் அழிக்கிறவர்கள் நாங்கள், சிரிப்பு வரத்தான் செய்யும்.

விவரக் குறிப்பு விஷயமும் அப்படித்தான். அதே போட்டியில் 2015-ல், பெல்ஜியத்தின் சார்லெரோய் நகரத்தைப் பற்றி என்று கொடுத்த தொடரில் ஒரு படம் பிரஸ்ஸல்ஸ் பகுதியில் எடுத்தது என்று தெரிந்ததும் பரிசு போனது. நம் ஊரில் இதற்கெல்லாம் யார் கேட்கிறார்கள்? மூடுபனியும் ஒரு வளைவும் தெரிந்தால் போதும், அது ஊட்டியோ கொல்லிமலையோ, ஏற்காடு என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள், அதை அச்சிலும் பார்த்திருக்கிறேன். எந்தப் பத்திரிகை என்று சொல்லவில்லை.

சரி, ஏற்காடு என்றதும் ஞாபகம் வருகிறது. போன கார்த்திகையில் காபிப் பழம் பறிக்கிறதை எடுக்கலாம் என்று விடியற்காலையில் கிளம்பினேன். மழை, பனி, முன்னால் போகிற பைக்கின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிகிறது. அந்த 20 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்பேன், ஒரு லாரி திருப்ப முடியாமல் வளைவில் மாட்டி நிற்கிறது. மேலே போகிற பஸ்ஸும் நிற்கிறது, இறங்குகிற பால் வண்டியும் நிற்கிறது. கண்டக்டர் இறங்கி டயருக்குக் கல் வைக்கிறார். பால் வண்டிக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, வா வா வா நிறுத்து என்று கத்துகிறார். பஸ்ஸுக்குள் ஒரு பாட்டி ஜன்னல் கம்பியில் தாடையை வைத்துத் தூங்குகிறார். எனக்கு வாய் துறுதுறுவென்று இருந்தது, கண்டக்டர் இரண்டடி இந்தப் பக்கம் தள்ளி நின்றால் லாரியின் விளக்கு வெளிச்சம் முகத்தில் விழும், சொன்னால் செய்திருப்பார். சொல்லவில்லை. 40 நிமிஷம் நனைந்தேன். அவராகவே ஒரு தடவை, டயரில் ஒரு கல் நழுவியபோது, அந்த வெளிச்சத்துக்குள் திரும்பினார். அந்தப் படத்துக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. காபித் தோட்டத்துக்கு அன்றைக்குப் போகவே இல்லை.

அந்த வாசகருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். போனில் எடுத்த படத்தையும் நாங்கள் சேர்க்கிறோம், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்துக்கொண்டிருந்த பெரியவரைப் போனில் எடுத்த ஒரு பையன் எங்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு முதல் பரிசு வாங்கினான். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் கூடாது, போனில் பதிவான ஃபைல் அப்படியே வேண்டும், அவ்வளவுதான். கருவி பிரச்சினை இல்லை. மாதத்துக்கு ஒரு கடைசித் தேதி இல்லையென்றால் நான் அந்த மழையில் நின்றிருக்கவே மாட்டேன், சேகோ மில்லுக்குத் திரும்பிப் போயும் இருக்க மாட்டேன். வருடத்துக்கு ஒரு பெரிய போட்டி என்றால் ஹார்ட் டிஸ்கில் தேடி எதையாவது எடுத்துக் கொடுத்துவிடலாம். மாதாமாதம் என்றால் அந்த வித்தை பலிக்காது.

குறையும் உண்டு. உறுப்பினர்கள் நிறைய, படம் வருவது சில மாதம் எட்டோ ஒன்பதோ. முகூர்த்த மாதத்தில் அதுவும் இல்லை. நடுவருக்கு பஸ் சார்ஜ் கொடுக்கவே பொருளாளர் யோசிக்கிறார். இன்னொன்று, விபத்துப் படம். மேம்பாலத்தில் எவனாவது விழுந்து கிடந்தால் அதை எடுத்து வந்து நீட்டுகிறார்கள், ரத்தம் இருந்தால் செய்தி என்று ஒரு நினைப்பு. அடிபட்டவரின் வீட்டுக்காரர்கள் பார்க்கிற மாதிரி ஒரு படத்தைத் திரையில் போடலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை. எனக்கு இதில் தீர்மானமான பதில் இல்லை, எடுக்கலாம், முகம் தெரியக் கூடாது என்பது வரை வந்திருக்கிறேன்.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. உங்கள் சேலம் பதிப்பின் புகைப்படக்காரர் ஒருவரை, மாதத்தில் ஒரு சாயங்காலம் நடுவராக அனுப்ப முடியுமா? எங்களுக்குக் கல்யாணக் கண்ணைவிட்டால் வேறு கண் இல்லை, தினமும் செய்திக்காக ஓடுகிறவர் வந்து திட்டினால் நல்லது. அடுத்தது, முதல் பரிசு படத்தை மாதம் ஒரு முறை உள்ளே எங்காவது சின்னதாகப் போடுங்கள், எடுத்தவர் பெயரோடு. பணம் வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்ட என் லாரிப் படம் ஒரு பத்திரிகையில் பெயரில்லாமல் வந்தது, கீழே "ஏற்காட்டில் போக்குவரத்து பாதிப்பு" என்று மட்டும். அந்தக் கண்டக்டர் பேரை எழுதி வைத்திருக்கிறேன், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

இந்த மாதக் கடைசித் தேதி 30. என் கையில் இன்னும் ஒரு படமும் இல்லை. ஆடி நெருங்குகிறது, குகைப் பக்கம் பந்தல்கால் நட ஆரம்பித்தால் போய் நிற்கலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.