பழைய அளவையே மறுபடி எழுதிவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பளம், பணிக்கொடை, வேலை நேரம் எல்லாம் நன்றாக விளக்கப்பட்டிருந்தன. ஒரு விஷயம் மட்டும் விடுபட்டுவிட்டது. வேலை செய்கிற இடத்துக் காற்றில் நச்சுப் பொருள் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற அளவைத்தான் சொல்கிறேன். இதுவரை மத்தியச் சட்டமான தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருந்த அந்த அளவுகளை, இனி மாநில அரசு தன் விதிகளில் நிர்ணயிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். அதில் ஒரே ஒரு பொருளை, குரோமைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் கோவை கணபதி பக்கம், உலோகப் பொருள்களுக்குப் பூச்சுப் போடும் பிளேட்டிங் பட்டறைகளில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். பெரும்பாலும் குரோம் தொட்டியில்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொட்டியில் இருப்பது கருஞ்சிவப்பான குரோமிக் ஆசிட் கரைசல். 45, 50 டிகிரி சூட்டில் வைத்திருப்போம். பொருளை ஜிக் என்ற தொங்கு சட்டத்தில் மாட்டி இறக்கிக் கரண்ட் விட்டால், அந்தக் கரண்டில் கொஞ்சம்தான் குரோமைப் படிய வைக்கும். மீதியெல்லாம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகக் குமிழி விடும். குமிழிகள் மேலே வந்து உடையும்போது ஆசிட்டையும் சேர்த்துத் தெறிக்க வைக்கும். கண்ணுக்குத் தெரியாத தூறல் அது. தொட்டிமேல் குனிந்து ஜிக்கைத் தூக்குகிறவன் மூச்சு விடும் இடமும் அதுதான்.

சேர்ந்த புதிதில் எனக்கு மூக்கு எரிந்தது, பொருக்குக் கட்டியது, அடிக்கடி ரத்தம் வந்தது. "மூக்குல வேசலின் தடவிக்கோ தம்பி, பழகிரும்" என்றார் எனக்கு வேலை கற்றுத்தந்த அண்ணன். உண்மையில் பழகியும் விட்டது. நான்காம் வருடம் சளிக்காக ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனபோது, அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். வலியே இல்லை. பட்டறைக்கு வந்து சொன்னால், எனக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது என்று இன்னும் மூன்று பேர் சொன்னார்கள். குரோம் புண் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. யாரும் தெரிவிக்கவும் இல்லை.

மூக்கோடு போனால் பரவாயில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். வேதியியல் படித்த என் மகள்தான் இந்தப் பொருள் நுரையீரலை என்ன செய்யும் என்று படித்துச் சொன்னாள். தோல் பதனிடப் பயன்படுகிற குரோம் வேறு, இது வேறு. நாங்கள் ஹெக்ஸா என்று சொல்லும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990இலேயே வகைப்படுத்திவிட்டது. அமெரிக்காவின் பால்டிமோரில் குரோமேட் தயாரித்த ஒரு ஆலையில் வேலை செய்த 2,357 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர்கள் 122 பேர். அந்த மாநிலப் பொதுமக்களின் கணக்குப்படி எதிர்பார்த்திருக்க வேண்டியதைப் போல 1.8 மடங்கு.

சரி, நம் அளவு என்ன? இரண்டாம் அட்டவணை போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நீரில் கரையும் குரோமேட்டுகளுக்கு அது அனுமதிப்பது ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். ஒரு ஷிப்டில் ஒரு தொழிலாளி ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறான் என்று வைத்துக்கொண்டால், ஒரு சர்க்கரைப் பரலின் எடை அளவுக்கு அந்த விஷம் தினமும் உள்ளே போகலாம்.

அமெரிக்காவிலும் 2006 வரை ஏறக்குறைய இதே எண்தான், 52 மைக்ரோகிராம். அந்த எண் வந்த வழியைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. 1943இல் எழுதப்பட்ட ஒரு தொழில்தரத்திலிருந்து எடுத்தது அது. எழுதியவர்கள் முன்னால் இருந்தது மூக்குப் புண், எரிச்சல். என்னைப் போன்றவர்களின் மூக்கைக் காப்பாற்றப் போட்ட கணக்கை, நுரையீரலுக்கும் சேர்த்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள். 1993இல் ஒரு தொழிற்சங்கமும் ஒரு பொதுநல அமைப்பும் மனுக் கொடுத்தன. நடக்கவில்லை. நீதிமன்றம் போய், 2002இல் உத்தரவு வாங்கி, 2006 பிப்ரவரியில்தான் அளவு 5 மைக்ரோகிராமாகக் குறைந்தது.

அதற்காக அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை போட்ட கணக்கைத்தான் இந்தக் கடிதத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். பழைய அளவிலேயே 45 ஆண்டுகள் வேலை செய்யும் 1,000 பேரில், கூடுதலாக 101 முதல் 351 பேர் வரை நுரையீரல் புற்றுநோயில் இறக்கலாம். இது சட்டத்தை மீறும் பட்டறையின் கணக்கு இல்லை. சட்டத்துக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டு நடக்கும் பட்டறையின் கணக்கு. ஏறக்குறைய அந்த எண்தான் நம் அட்டவணையில் இருக்கிறது.

5 மைக்ரோகிராம் பாதுகாப்பானது என்றும் நான் சொல்ல வரவில்லை. அதே துறையின் கணக்குப்படி அந்த அளவிலும் ஆயிரத்துக்கு 10 முதல் 45 பேர். 2004இல் அவர்கள் முன்மொழிந்தது 1 மைக்ரோகிராம். எல்லாத் தொழில்களாலும் அதைச் செய்து முடிக்க முடியாது என்று 5இல் நின்றார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஜனவரியிலிருந்து 5க்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பதோ 0.2. புற்றுநோய் தரும் பொருளுக்கு இதற்குக் கீழே பயமே இல்லை என்று கோடு கிழிக்க முடியாது. எத்தனை பேர் சாவை ஏற்றுக்கொள்கிறோம், எவ்வளவு செலவு செய்வோம் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் கோடு விழுகிறது. அதனால்தான் இதை வேதியியல் தெரிந்தவர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், தொட்டியருகே நிற்பவர்களையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

முதலாளிகள் சொல்வதும் எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்தவர்களில் கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். இரண்டு தொட்டி, ஒரு ரெக்டிஃபையர் வைத்துக்கொண்டு, பம்ப் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து பிழைப்பவர்கள். தொட்டியின் விளிம்பிலேயே காற்றை உறிஞ்சும் எக்ஸாஸ்ட், அந்தக் காற்றைக் கழுவிவிடும் ஸ்க்ரப்பர் எல்லாம் வைத்தால் ஒரு வருட லாபம் போய்விடும் என்பார்கள். நுரை மருந்து ஊற்றினால் தூறல் நன்றாக அடங்கும், ஆனால் அதற்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.எஸ். இன்று தானே தடைக்கு உள்ளாகும் ரசாயனமாகிவிட்டது. அலங்காரப் பூச்சு வேலைக்கு மூன்று இணைதிறன் குரோமுக்கு மாறலாம். தடிமனான ஹார்டு குரோமுக்கு அது இன்னும் சுலபமில்லை.

வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிலுக்கும் திருப்பூர் சாயத் தொழிலுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட அரசு பணம் தந்தது. வெளியே ஓடும் தண்ணீரை ஊரே பார்க்கிறது, அதனால் தந்தது. பட்டறைக் கழிவுநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் ஹெக்ஸா குரோம் ஆற்றில் போகக் கூடாது என்று விதி உண்டு, மாதிரி எடுக்கவும் ஆள் வருவார்கள். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன மலைபோன்ற கழிவைப் பற்றி நான் படித்த செய்திகளிலும் நிலத்தடி நீர்தான் பேச்சாக இருந்தது. அது பெரிய கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆலைக்குள் மூச்சுவிட்டவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு வரியும் நான் படித்ததில்லை. தண்ணீருக்குத் தந்த மாதிரி எக்ஸாஸ்டுக்கும் மானியமோ குறைந்த வட்டிக் கடனோ தந்தால் சின்னப் பட்டறைகளும் செய்யும்.

எண்ணைக் குறைத்தால் மட்டும் போதாது, அளந்து பார்க்க வேண்டும். இடுப்பில் சின்னப் பம்ப், சட்டைக் காலரில் ஒரு ஃபில்டர், ஷிப்ட் முழுவதும் மாட்டிவிட்டு லேபுக்கு அனுப்புவதுதான் முறையாம். 26 ஆண்டுகளில் அந்தப் பம்பை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இருந்த 50ஐக்கூட யாரும் எங்களிடம் அளந்தது கிடையாது.

அப்புறம் இன்னொன்று. முன்பு மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை. புதிய சட்டத்தில் அது 20 ஆகிவிட்டது. நான் வேலை செய்த எந்தப் பட்டறையிலும் 20 பேர் இருந்ததில்லை. ஆபத்தான வேலை நடக்கும் இடம் என்று மத்திய அரசு அறிவித்தால் ஆள் கணக்குப் பார்க்காமல் சட்டத்தைப் பொருத்தலாம் என்று அதே சட்டத்தில் வழி இருக்கிறது. குரோம் பிளேட்டிங்கை அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி தமிழக அரசு கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் விதியில் 5 என்று எழுதினாலும் கணபதியில் பாதிப் பட்டறைக்கு அது போய்ச் சேராது.

இப்போது தொட்டியருகே நிற்பவர்களில் நிறையப் பேர் பீகார், ஒடிசா பையன்கள். போன மாதம் பழைய பட்டறைக்குப் போயிருந்தபோது ஒரு பையன் மூக்கைத் துடைத்த துணியில் ரத்தம் இருந்தது. அவனிடமும் யாரோ வேசலின் டப்பாவைக் கொடுத்திருந்தார்கள். மாநில விதிகளை எழுதும் அதிகாரிகள் எந்த எண்ணை எழுதப்போகிறார்கள், அதை யார் அளக்கப்போகிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒருமுறை நேரில் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். பட்டறைகளைப் பார்க்க வேண்டுமென்றால் நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளேட்டிங் தொழிலாளி,
கணபதி, கோவை