பச்சைப் பொத்தானுக்குப் பெயர் இல்லையா?

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய கணக்கு மென்பொருள் பயிற்சிக் காணொளியை வாத்தியார் உடனிருக்கும்போது ஓடவிட்டேன். அதைப் பற்றி எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

உன் குரலை யாரும் குறை சொல்ல முடியாது; ஒலிபெருக்கி பழுதான அந்த ஆண்டுவிழாவிலேயே அதைக் கண்டவர்கள் நாம். ஆனால், "இதோ, இங்கே இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்" என்று நீ சொல்லும்போது, பார்வை இழந்த வாத்தியாருக்கு 'இங்கே' என்பது எங்கே? அவர் டேப் விசையைத் தட்டத் தட்ட, திரையில் உள்ளதைக் குரலாக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் மென்பொருள் ஒவ்வொரு பொத்தானின் பெயரையும் படித்துக்கொண்டே போகிறது; அந்தப் பெயரைத்தான் நீ சொல்லவில்லை. "'சேமி' பொத்தானை அழுத்துங்கள்" என்றிருந்தால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் சேர்த்தே உதவியிருக்கும். நிறம், வடிவம், இடம் இவற்றை மட்டும் நம்பி வழிமுறை சொல்லக் கூடாது என்று வலை உள்ளடக்க அணுகல்தன்மை நெறிமுறைகளின் 2.0 பதிப்பு 2008ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது.

அதைவிட என்னை வருத்தியது, பொத்தானை அழுத்திய பிறகு நீ பேச்சை நிறுத்தி இசையை ஒலிக்கவிட்டதுதான். 'பதிவு சேமிக்கப்பட்டது' என்ற செய்தி திரையில் தோன்றி மறைகிறது. காதால் மட்டும் பின்தொடர்பவருக்கோ வேலை முடிந்ததா என்பதே தெரியாது. "இது எனக்காகச் செய்தது இல்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு வாத்தியார் எழுந்துவிட்டார். நமக்கெல்லாம் ஐந்தொகையைப் புரியவைத்த மனிதர் அவர். எதை அழுத்துவது, அழுத்தினால் என்ன நிகழும், தவறினால் எப்படித் திரும்புவது என்பவற்றை அந்தந்தப் படியிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டால், திரையில் நிகழ்வதைக் குரலில் விளக்கும் ஒலி விவரிப்பைப் பின்னர் தனியாகச் சேர்க்கும் தேவையே பெரும்பாலும் எழாது.

தானாக உருவாகும் வசனவரிகளை அப்படியே விட்டுவிடாதே. கணக்கியல் சொற்களை அவை சிதைக்கின்றன, காது கேளாதவருக்கோ அவைதாம் பாடமே. சுட்டியைப் பிடிக்க இயலாதவருக்காக விசைப்பலகைக் கட்டளைகளையும் உடன் சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, முறையான தலைப்புகளோடு காணொளிப் பாடத்தின் எழுத்து வடிவமும் வேண்டும். திரைவாசிப்பானில் எச் விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், பார்வையும் செவியும் ஒருசேர இல்லாதவர் அதைப் பிரெய்ல் கருவியில் விரலால் படிக்கலாம்.

ஆகவே, எழுத்து வடிவத்தையே முதலில் அனுப்பு. வாத்தியாரிடம் பேசிவிட்டேன், சம்மதித்திருக்கிறார். விசைப்பலகையை மட்டும் கொண்டு, நீ எழுதியபடியே ஒரு விலைப்பட்டியலை அவர் உருவாக்கிப் பார்க்கட்டும். எந்தெந்த வரியில் தடைப்பட்டார் என்று உனக்கு எழுதுகிறேன். காணொளியை அதற்குப் பிறகு பதிவு செய்யலாம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்