தாத்தா பாட்டுக்கு எந்த ஃபாண்ட்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் தாத்தாவின் தாலாட்டுப் பாட்டு நோட்டு ஜெராக்ஸும் வந்து சேர்ந்தன. பெரியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று இவள்தான் ரெண்டு தடவை கேட்டுவிட்டாள். எங்கள் அச்சகத்தில் காலண்டர் வேலை நெருக்குகிறது, அதனால்தான் பதில் தாமதம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புத்தகமாகவும் போட வேண்டும், இணையத்திலும் ஏற்ற வேண்டும், நல்ல ஃபாண்ட் ஒன்று சொல் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் ஒன்று. கணினியில் அடித்துப் பக்கம் செய்து தருகிற டிடிபிக்காரர் பழக்கத்தில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தால் வாங்காதே. தாளில் வித்தியாசம் தெரியாது, ஆனால் அதையே இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும், யார் தேடினாலும் தாத்தா பாட்டு அகப்படாது. எல்லாக் கணினியும் கைபேசியும் ஒரே மாதிரி புரிந்துகொள்கிற யூனிகோடில் அடிக்கச் சொல், ஃபாண்டைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டுகிறவர், நம் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள், அது இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும்.

அப்புறம், ஃபாண்டைத் தேர்ந்தெடுக்கிற எல்லோரும் கணினியில் 'அ', 'ஆ'வைப் பெரிதாக வைத்து அழகு பார்க்கிறார்கள். பெரிதாக வைத்தால் எதுவும் அழகுதான். நீ வைக்கப்போகிற அளவிலேயே தொல்லை பிடித்த சொற்களாகப் போட்டுப் பார். 'மண்ணெண்ணெய்' போட்டால் ண-வின் சுழிகள் தெளிவாக இருக்கின்றனவா, மையில் அடைத்துக்கொள்கின்றனவா என்று தெரியும். 'ஆராரோ' போட்டால் காலும் ர-வும் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்க்கலாம், தாலாட்டுப் புத்தகத்தில் அது தெரியாவிட்டால் கதை முடிந்தது. 'கௌளி' போட்டால் ஔகாரக் குறியின் பின்பகுதியையும் அடுத்து வரும் ள-வையும் கண் எப்படிப் பிரிக்கிறது என்று சோதித்துவிடலாம். மு, ழு, ழ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வை. புள்ளியைக் கட்டாயம் பார், சின்னப் புள்ளி வைத்த ஃபாண்டில் மட்டமான தாளில் அச்சடித்தால் பாதிப் புள்ளி காணாமல் போய் 'கண்' எல்லாம் 'கண' ஆகிவிடும்.

பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்றால், புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ். தடிப்பும் மெலிவும் கலந்த கோடு, நீளமாகப் படிக்கக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. திரைக்கு முக்தா மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ், கோடு ஒரே சீராக இருப்பதால் சின்னக் கைபேசியிலும் உடையாது. கட்டமரன் தலைப்புக்கு நன்றாக இருக்கும். எல்லாமே இலவசம், திறந்த உரிமம், அச்சுக்கும் தளத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பழைய விண்டோஸோடு வந்த லதாவை நான் புத்தகத்துக்கு வைக்க மாட்டேன், பத்துப் பக்கம் போனால் சலிக்கிறது. பலூ தம்பி அட்டைக்கு ஜோர், உள்ளே வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஃபாண்டைவிட வரி இடைவெளிதான் பெரிய விஷயம் என்பேன். நமக்கு மேலே கி, கீ-யின் சுழி, கீழே மு, டு-வின் வால், ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். தாளில் 11 பாயிண்ட் எழுத்துக்கு 16 பாயிண்ட் வரி, திரையில் எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வை. பக்கம் கூடும், செலவும் கூடும் என்பாய். தாள் கவலை புதிதல்ல, ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது, ரொம்பப் பெரிசு, தாள் கட்டாது என்று அங்கிருந்த பாதிரிமார் அந்தப் பக்கத்திலேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். நீ எழுத்தைக் குறைக்காதே, பாட்டைக் குறை.

முன்னுரையை இரண்டு ஓரமும் சமமாக இழுக்கவும் வேண்டாம். 'பாடிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் போதும், கைபேசியில் மேல்வரி பல் போன வாய் மாதிரி ஆகிவிடும். இடது ஓரம் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும். சாய்வெழுத்தும் வேண்டாம், தமிழுக்கு அது ஒட்டவில்லை, மேற்கோள் குறி போதும்.

தாத்தா லை, னை எல்லாவற்றையும் பழைய மாதிரி யானைத் துதிக்கை போட்டு எழுதியிருப்பதால் அப்படியே அச்சடிக்கலாமா என்று கேட்டாயே. தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அந்த வடிவங்கள் யூனிகோடில் தனி எழுத்தில்லை, ஃபாண்டில் வரைந்திருந்தால்தான் வரும். தேடிப் பிடிக்கலாம்தான், ஆனால் உன் பேத்தி அதைப் படிக்கத் திணறுவாள். நோட்டின் ஒரு பக்கத்தைப் படமாகப் போடு, மற்றதெல்லாம் இன்றைய எழுத்தில் இருக்கட்டும்.

மொத்தத்தையும் அடிக்கும் முன் ஒரே பாட்டை இரண்டு ஃபாண்டில், நிஜமாக வாங்கப்போகிற இளமஞ்சள் நேச்சுரல் ஷேட் தாளிலேயே எடுத்து, உங்கள் அம்மாவிடம் கொடு. எது பிடிக்கிறது என்று கேட்காதே, சத்தமாகப் படிக்கச் சொல், எங்கே தடுக்குகிறார் என்று பென்சிலால் குறித்து எனக்கு அனுப்பு. அட்டையைப் பற்றி அடுத்த கடிதத்தில் சண்டை போடுவோம், அந்தப் பச்சை நிறத்துக்கு நான் சம்மதிப்பதாக இல்லை.

அன்புடன்,
ராஜு