மூன்று முறை சொன்னவரின் கைகளுக்கு ஒரு விதி வேண்டும்

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்கள் ஓடுபாதை தாண்டி நொறுங்கிய மங்களூர், கோழிக்கோடு விபத்துகளின் விசாரணை அறிக்கைகள் உங்கள் அலமாரியில் அக்கம்பக்கமாகவே இருக்கும். ஆகவே 158 பேர், 21 பேர் என்று இழப்பை விரித்துரைக்கப் போவதில்லை. இரண்டிலும் துணை விமானியின் வாயில் ஒலித்து வீணான ‘கோ அரவுண்ட்’ (இறங்காமல் மீண்டும் மேலே எழும்பு) பற்றித்தான் இந்த மடல்.

2010 மே 22, மங்களூர். தலைமை விமானி நெடுநேரம் உறங்கி விழித்தவர். குறட்டை ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. விமானம் இருக்கவேண்டிய உயரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கில் வருகிறது. எச்சரிக்கைக் கருவி அலறுகிறது. துணை விமானி ‘கோ அரவுண்ட்’ என்று மூன்று முறை சொல்கிறார். 8,033 அடி ஓடுபாதையில் சக்கரம் பட்டது ஏறத்தாழ 5,200 அடியில். ரிவர்சரை (என்ஜின் விசையை முன்னோக்கித் திருப்பி வேகம் குறைக்கும் அமைப்பு) திறந்த பிறகு மறுபடி எழும்ப முயன்றார் தலைமை விமானி. ரிவர்சர் திறந்தால் நிறுத்தியே தீரவேண்டும் என்பது போயிங் 737 ஓட்டுவோரின் பாலபாடம். அது மடங்கி, என்ஜின் மீண்டும் முழு விசைக்கு வரச் சில விநாடிகள் பிடிக்கும். முன்னால் பள்ளத்தாக்கு.

மூன்று முறை சொன்னவர் ஏன் கட்டுப்பாட்டை எடுக்கவில்லை? துணை விமானி தானே கோ அரவுண்ட் தொடங்கலாமா என்பதில் அறிவுறுத்தல்கள் தெளிவற்றிருந்தது காரணமாகலாம் என்று விசாரணை மன்றமே எழுதியது. குழப்பம் காகிதத்தில் இருந்தது ஐயா.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை. இறங்கும் முதல் முயற்சியில் தலைமை விமானி பக்கத்துக் கண்ணாடி வைப்பர் நின்றுபோனது. அடுத்த முயற்சி 10ஆம் ஓடுபாதையில், 14 நாட் (மணிக்கு ஏறத்தாழ 26 கி.மீ.) பின்காற்றோடு. தரைதொட்டது 4,438 அடியில், பாதி பாதை போன பிறகு. இங்கும் துணை விமானியின் வாய் சொன்னது, கை நகரவில்லை. இந்த முறை, துணை விமானி கட்டுப்பாட்டை ஏற்கத் தவறியதும் விபத்துக்கான காரணமாகவே எழுதப்பட்டது. இறந்தவர் மேல் எழுதுவது எளிது, மறுப்பு வராது. அந்தத் தளத்தில் 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கேப்டன், எப்படியும் அங்கே இறங்கியாக வேண்டும் என்ற நெருக்கடி அதனாலும் வந்தது என்று அதே அறிக்கை சொல்வதையும் யாராவது வாசித்திருப்பார்கள் என்று நம்புகிறோம். ஓடுபாதை முடிவில் விமானச் சக்கரம் புதைந்து நிற்கும் நொறுங்கு கான்கிரீட் படுகை அன்று அங்கே இல்லை என்பது தனிக்கதை.

கேட்பது இவ்வளவுதான். மேகத்துக்குள் 1,000 அடியிலோ, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் இறக்கத்தில் 500 அடியிலோ, சக்கரம், ஃபிளாப் (இறக்கையின் மடிப்புப் பலகை), வேகம், இறங்கும் வீதம் ஆகியவற்றில் ஒன்று பிசகியிருந்தாலும், முதல் 3,000 அடிக்குள் தரைதொடாவிட்டாலும், துணை விமானி சொல்லும் ‘கோ அரவுண்ட்’ யோசனை அல்ல, கட்டளை. அதற்கு அசைவில்லையென்றால், ரிவர்சர் திறக்கும் முன்பாக, அவரே கட்டுப்பாட்டை ஏற்று விசையை முன்தள்ள வேண்டும். எல்லா நிறுவனக் கையேட்டிலும் இது ஒரே வாசகமாக இருக்கட்டும். எழுதியாயிற்று என்றால், ஆறுமாதச் சிமுலேட்டர் தேர்வில் கேப்டன் வேண்டுமென்றே பிடிவாதம் பிடிக்க, துணை விமானி கட்டுப்பாட்டைப் பறிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். பறித்தவரை மறுநாள் மூத்தவர்கள் முறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபம் தெரிந்தால் பொறுத்தருளவும். துணை விமானிக்கான அந்த ஒரு வாசகத்தை எழுதி, அமலாக்கும் தேதியையும் அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
விமானப் பாதுகாப்பில் அக்கறையுள்ளோர்